புதுப்பிப்பு: எங்கள் நையாண்டி மேளக் குழுவின் சம்பளம் உயர்ந்தது

கரகாட்டம் போன்ற நாட்டுப்புற ஆட்டங்களுக்கு வாசிக்கும் எட்டுப் பேர் கொண்ட எங்கள் குழுவுக்கு, வண்டி வாடகை போகத் தலைக்கு 700 ரூபாய்கூட மிஞ்சுவதில்லை என்று மாசி மாதம் எழுதியிருந்தேன். வாசிப்பை முதலில் காட்டிவிட்டு விலை பேசுங்கள் என்று பலர் சொன்னபடி, ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் விடியற்காலைக் கரகாட்டத்துக்கு இரண்டு நாதஸ்வரமும் இரண்டு தவிலும் பம்பை மேளமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போன இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டி யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் பகிர்ந்தோம். முதல் பதிவில் பம்பையின் அதிர்வு மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. கைப்பேசியைப் பத்தடி தள்ளி, நாதஸ்வரத்தின் பக்கமாக வைத்து மறுபடி எடுத்த பிறகுதான் தவிலின் தாளச் சொற்கள் தனித்தனியாகக் கேட்டன.

அதைப் பார்த்து வைகாசியில் கொடை நடத்தும் மூன்று ஊர்க்காரர்கள் தரகர் இல்லாமல் நேராகவே பேசினார்கள். வாசிக்கும் நேரம், சாப்பாடு, வண்டி வாடகை, பாதி முன்பணம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். தலைக்கு 1,500 ரூபாய் கைக்கு வந்தது. தவில்காரர் அண்ணன் அன்றே புதுத் தோல் மாற்றக் கொடுத்துவிட்டார், எனக்கு அதுதான் பெரிய நிறைவு. ஆடிக் கொடைகளுக்கும் இதே தாளோடுதான் பேசிக்கொண்டிருக்கிறோம்.