அப்பாயி ஓநாய்களைக் கரையேற்றிய விதம்

மஸ்கெலியா

கையில் வைத்து விளையாடும் கருவிகளில் புதிர்க் கதை விளையாடியவர்களை அந்த அனுபவத்தை எழுதச் சொன்னீர்கள். என்னுடையது இது.

2011 டிசம்பர். ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சை முடிந்து தோட்டத்து லயத்து வீட்டில் சும்மா இருந்தேன். கட்டாரிலிருந்து லீவில் வந்த மாமா, தான் பாவித்த நின்டெண்டோ டிஎஸ் லைட்டை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஒரே ஒரு கேம்தான்: லெவல்-5 நிறுவனம் 2007இல் ஜப்பானில் வெளியிட்ட முதல் புரொபஸர் லேட்டன். ஒரு பணக்காரரின் உயிலில் வரும் தங்க ஆப்பிளைத் தேடி, பேராசிரியர் லேட்டனும் லூக் என்ற பையனும் செயின்ட் மிஸ்டெயர் என்ற ஊருக்குப் போகிறார்கள். அந்த ஊரில் யாரிடம் வாய் கொடுத்தாலும் ஒரு புதிர் போடுவார்கள்.

ஆரம்பத்திலேயே ஒரு ஆறு. மூன்று ஓநாய், மூன்று கோழிக்குஞ்சு, ஒரு தெப்பம். தெப்பத்தில் இரண்டுதான் ஏறலாம், ஒன்றாவது ஏறினால்தான் அது நகரும். எந்தக் கரையிலும் குஞ்சுகளைவிட ஓநாய்கள் கூடிவிட்டால் குஞ்சுகள் காலி. இரண்டு நாள் முட்டினேன். குறிப்பு வாங்கும் நாணயங்களும் தீர்ந்துவிட்டன.

அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, எழுதப் படிக்கத் தெரியாது. "என்னடா அது, புலி ஆடு புல்லுக்கட்டு கதையா?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விதியைச் சொன்னேன். வெற்றிலைப் பையைத் திறந்தார். மூன்று பாக்குத் துண்டு ஓநாய், மூன்று வெற்றிலைக் காம்பு குஞ்சு, சுண்ணாம்பு டப்பியின் மூடி தெப்பம். பாயின் கோடுதான் ஆறு. மூடி அங்கும் இங்கும் போய் வந்ததில் பாயெல்லாம் சுண்ணாம்புத் தடம்.

ஐந்தாவது நடையில் அக்கரையில் இரண்டு பாக்கு, இரண்டு காம்பு. நான் எப்போதும் மாட்டிக்கொள்வது அங்கேதான். அப்பாயி கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஒரு பாக்கையும் ஒரு காம்பையும் சேர்த்து மூடியில் வைத்து இக்கரைக்கே திருப்பிக் கொண்டுவந்தார். "கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டாரக் கூடாதுன்னு யாருடா சொன்னா?"

பதினோராவது நடையில் எல்லாம் கரையேறின. அதற்குக் குறைந்து முடியாது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் கதையைத் தமிழில் சொல்வது என் வேலை, புதிரில் பாதி அப்பாயி வேலை. இந்தப் புதிர்களைத் தந்தவர் அகிரா டாகோ என்ற ஜப்பானியப் பேராசிரியர். அவருக்கு எங்கள் பாயைக் காட்டியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைப்பேன்.

அப்பாயி பழைய மஸ்கெலியா டவுனில் நடந்தவர். அது மவுஸாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது, தண்ணீர் வற்றும்போது பழைய கோயில் தலைகாட்டும். அதனாலோ என்னவோ, எந்த ஊர்க் கதை சொன்னாலும் அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார். ஒரு நாள் கேட்டார்: "இந்த ஊருல எல்லாரும் வேலவெட்டி இல்லாம புதிர் போட்டுக்கிட்டே நிக்கிறாங்களே, ஏன்டா?"

விளையாடியவர்களுக்குத் தெரியும், கதையின் பூட்டே அந்தக் கேள்விதான். மற்றவர்களுக்காக விடையைச் சொல்லாமல் விடுகிறேன்.

பண்டாரவளை

அண்ணே, எனக்கு ஹோட்டல் டஸ்க் என்ற கேம். டிஎஸ்ஸைப் புத்தகம் மாதிரி நிமிர்த்திப் பிடித்து விளையாடுவது. 1979இல் நடக்கும் கதை, கைல் ஹைட் என்ற முன்னாள் போலீஸ்காரர். அதில் ஒரு சின்னப் பிள்ளையின் படத்துண்டுப் புதிரை அடுக்கிவிட்டேன். பின்பக்கத்தில் ஏதோ எழுதியிருக்கிறது, திருப்பத் தெரியவில்லை. திரையில் குத்தாத இடமில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். மூடித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனேன். வந்து திறந்தால் படம் புரண்டு கிடக்கிறது! கருவியை மூடித் திறப்பதுதான் விடை. அதைச் செய்த சிங் நிறுவனம் 2010இல் இழுத்து மூடப்பட்டதை நினைத்தால் இன்றும் மனசு கேட்கவில்லை.

ஒன்று கேட்கலாமா? அப்பாயி அந்தக் கேள்வியைக் கேட்டது எத்தனையாவது நாள்?

மஸ்கெலியா

மூன்றாம் நாள், தம்பி. எனக்கு விடை கிடைத்தது பதினேழாம் நாள்.