அடித்தட்டில் புத்தகம் வைப்பதில்லை

நான் மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம். போன வருசம் மகள் உயர்தரப் பரீட்சை (ஏ எல்) எழுதி முடித்ததும் வீட்டில் இரண்டு உரப்பை நிறையப் புத்தகம் மிஞ்சியது. பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கேட்காமல் விட்ட பாடப்புத்தகங்கள், காசு கொடுத்து வாங்கிய வழிகாட்டிகள், கடந்தகால வினாத்தாள்கள், ரியூசன் கொப்பிகள். பழைய பேப்பர்காரருக்கு நிறுத்துப் போட மனம் வரவில்லை.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சனசமூக நிலையத்தில் சின்ன நூலகம் இருக்கிறதென்று கேள்விப்பட்டு, பைகளை மோட்டார் சைக்கிளில் கட்டி, குருமண்வெளியில் பாதையேறி (வாவியைக் கடக்கும் மிதவையை இங்கே பாதை என்போம்) மண்டூர்த் துறையில் இறங்கினேன். வாவிக் காற்றுக்கு மேல்பை அவிழ்ந்து, ஒரு வரலாற்றுப் புத்தகம் தண்ணீரோடு போய்விட்டது. அது போகட்டும்.

நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஐயா ஓய்வுபெற்ற ஆசிரியர். பெரிய வரவேற்பை எதிர்பார்த்துத்தான் போனேன், உண்மையைச் சொன்னால் என்ன. அவர் ஒவ்வொன்றாக எடுத்து முதலில் அச்சிட்ட ஆண்டைத்தான் பார்த்தார். ஆறு முதல் பதினோராம் வகுப்பு வரையான புத்தகங்களில் முக்கால்வாசி ஒரு பக்கமாக ஒதுங்கின.

"மனே, இதெல்லாம் பள்ளிக்கூடத்திலயே சும்மா குடுக்காங்க. ஏ எல் படிக்கிற புள்ளைகளுக்கு என்ன இரிக்கு?"

அவர் சொன்னது சரிதான். 1980 முதல் அரசாங்கம் பதினோராம் வகுப்பு வரைக்கும் பாடப்புத்தகத்தை இலவசமாகக் கொடுக்கிறது. உயர்தரத்துக்கு வந்த பிறகுதான் கைக்காசு கரையும். கடைசியில் அவர் ஆசையாகத் தூக்கியது, நான் கொண்டுவரவே யோசித்த மகளின் இரசாயனவியல் கொப்பிகளை. ஓரமெல்லாம் பூப்படம் கீறியிருப்பாள். விடை எழுதாத வினாத்தாள் வேறு, எழுதியது வேறு என்று பிரித்தார். எழுதியதையும் அவர் கழிக்கவில்லை, "இது திருத்திப் பாக்க உதவும்" என்றார்.

இரும்பு அலுமாரியில் அடித்தட்டு மட்டும் வெறுமையாக இருந்தது. கேட்டேன். 2011 தை வெள்ளத்தில் அந்தத் தட்டு வரைக்கும் தண்ணீர் ஏறியதாம், அதற்குப் பிறகு அங்கே புத்தகம் வைப்பதில்லையாம். துருக்கோடு இன்னும் தெரிகிறது.

கொடுக்க நினைப்பவர்கள் முதலில் போனில் ஒரு கோல் எடுத்து என்ன வேண்டுமென்று கேட்டுவிட்டுப் போங்கள். நான் ஒரு பையைத் திரும்பச் சுமந்துகொண்டுதான் பாதையேறினேன்.

போன கிழமை ஐயா கோல் எடுத்தார். இரசாயனவியல் கொப்பியில் இரண்டாம் பாகம் இல்லையாம், ஒரு பிள்ளை நாலு நாளாக வந்து கேட்கிறதாம். மகள் அதை யாருக்கோ இரவல் கொடுத்திருக்கிறாள். தேடிக்கொண்டிருக்கிறோம்.