‘வரவில்லை’க்குள்ளே ஒரு ரவி: பெயர் தேடும் புதிர், உங்கள் அனுபவம் என்ன?

காரிமங்கலத்துக்காரன்:
சொல்லுக்குள் பெயர் ஒளிந்திருக்கும் புதிர் எல்லோருக்கும் தெரியும்தானே? பிராணிக்குள் ராணி, வாணிபத்துக்குள் வாணி. எழுத்துகள் வரிசை மாறக் கூடாது, நடுவில் ஒன்றைத் தாண்டிப் போகக் கூடாது, நாலு பேருக்குத் தெரிந்த பெயராக இருக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். பேப்பர், பேனா எதுவும் வேண்டாம் என்பதால் பஸ்ஸுக்கு இதைவிடத் தோதான விளையாட்டு கிடையாது.

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போகும்போதெல்லாம் எனக்கும் அக்கா மகளுக்கும் இதுதான் வேலை. ஜன்னல் சீட் அவளுக்கு, போர்டு படிக்கும் உரிமையும் அவளுக்கு. எங்கள் ஊர் போர்டைப் பார்த்ததும் “காரி!” என்று கத்துவாள். காவேரிப்பட்டணம் வந்தால் “காவேரி!” என்பாள். அது எங்கே ஒளிந்திருக்கிறது, நட்ட நடு ரோட்டில் நிற்கிறதே, அரை மார்க்தான் என்பேன். கிருஷ்ணகிரி வரும் வரை அந்த அரை மார்க்குக்குச் சண்டை நடக்கும். தேன்கனிக்கோட்டை வண்டி எதிரே வந்தால் ‘கனி’ என்று இன்னொன்றைப் பிடித்துவிடுவாள்.

எனக்கு ஒரு கொள்கை உண்டு. பெயருக்கும் சொல்லுக்கும் அர்த்தத்தில் ஒட்டும் உறவும் இருக்கக் கூடாது. சீதாப்பழத்தில் சீதா, சர்க்கரைவள்ளியில் வள்ளி எல்லாம் செல்லாது. கிராம்புக்குள் ராம் இருக்கிறான் பாருங்கள், அது புதிர்! உங்களுக்கு இந்த மாதிரி மாட்டியதை எழுதுங்கள்.

பாலக்கோடு டீச்சர்:
எங்கள் ஆறாம் வகுப்பில் ரவி என்று ஒரு பையன். வாரத்தில் பாதி நாள் ஆளே இருக்க மாட்டான். ஒருநாள் அட்டென்டன்ஸ் எடுக்கும்போது பெயரைக் கூப்பிட்டேன். “வரவில்லை டீச்சர்” என்று வழக்கம்போல எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, “வரவில்லைன்னு சொன்னாலும் அதுக்குள்ள ரவி இருக்கான் டீச்சர்” என்றாள். கரும்பலகையில் எழுதிப் பார்த்தால் ஆமாம், நட்ட நடுவில் உட்கார்ந்திருக்கிறான்! அன்றைக்குப் பாடம் அதோடு போயிற்று.

அப்புறம் நான் வாயைத் திறக்க முடியவில்லை. “நேரமாச்சு, உள்ளே வாங்க” என்றால் “ரமா!” “கோபிச்சுக்காதீங்க” என்று ஒருத்தி சொன்னால் பக்கத்தில் இருப்பவள் “கோபி!” கரண்ட் போனால் கரண். “நல்லதா போச்சு” என்றால் லதா. “டீச்சர், தண்ணி குடிக்க அனுமதி வேணும்” என்று ஒருவன் வந்து நின்றான். அனுவும் மதியும் சேர்ந்து கேட்கிறார்களாம். மற்ற நாளில் “டீச்சர் தண்ணி” என்று பாதி வாக்கியத்தோடு ஓடுகிறவன் அவன்.

எனக்குப் பிடித்தது இரண்டு. ஒன்று, கண்ணாமூச்சிக்குள் கண்ணா. ஒளிந்து விளையாடும் ஆட்டத்தின் பெயரிலேயே ஒருவன் ஒளிந்திருக்கிறான். இன்னொன்று சரமாரி. அதில் ரமாவும் மாரியும் ஒரே ‘மா’வைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். சொல்வதெழுதுதலில் புள்ளியை விட்டுவிட்டு வரும் பிள்ளைகள்கூட இப்போது ஒவ்வோர் எழுத்தாக விரல் விட்டு எண்ணுகிறார்கள்.

அரூர் தமிழய்யா (பணி ஓய்வு):
ரவியைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். ‘துறவி’யிலும் ‘பிறவி’யிலும் ரவி இருப்பதாகப் பலர் சொல்கிறார்கள். அங்கே இருப்பது வல்லின றகரம். அந்த மார்க்கை நான் தர மாட்டேன். ‘பரவி’ என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். ரகரமும் லகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பது இலக்கணம். அதனால்தான் நாங்கள் படித்த காலத்தில் இரவி, இராணி, இலட்சுமி என்று எழுதினோம். அப்படி எழுதினால் உங்கள் பிராணிக்குள் இராணிக்கு இடமில்லை, வரவில்லையில் இரவிக்கும் இடமில்லை. முன்னால் நிற்கத் தடை வாங்கிய இந்த எழுத்துகளுக்குச் சொல்லின் நடுவில் எந்தத் தடையும் இல்லை. ‘இ’யைக் கழற்றிப் போட்டதும் ரவி, ரமா, ராணி, லதா எல்லாம் எங்கே வேண்டுமானாலும் நுழைந்துவிடுகிறார்கள்.

இதற்கு நேர் எதிர் உமா, அனிதா, ஈஸ்வரி, ஆனந்தி. உயிரெழுத்து பன்னிரண்டும் சொல்லுக்கு முதலில்தான் தனித்து நிற்கும். நடுவில் வந்தால் மெய்யோடு கலந்துவிடும். ஓசையை நீட்ட நடுவில் உயிரெழுத்தைச் சேர்க்கும் அளபெடையை விட்டுவிடுங்கள், அது செய்யுள் சமாசாரம். ஆகவே இவர்களை நடுவில் ஒளித்து வைக்கவே முடியாது. நம் மாவட்டத்தில் மட்டும் மாரண்டஅள்ளி என்று ஊர்ப்பெயரின் நடுவே ஓர் ‘அ’ முழுசாக நிற்கிறது. அங்கே அல்லியை ஒளிக்கலாமா என்று பார்த்தேன். அள்ளி வேறு, அல்லி வேறு.

பழையபேட்டைப் பேத்தி:
அய்யா சொல்வது எழுதுகிறவர்களுக்கு. எங்கள் ஆயாவுக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. ஆனால் இந்த விளையாட்டில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

தாத்தா பெயர் ராமில் தொடங்கும். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று ஆயா இருந்தது உங்களில் பலர் வீட்டிலும் நடந்ததுதான். ஆயாவுக்கு அது பெயரோடு நிற்கவில்லை. பெயர் எந்தச் சொல்லுக்குள் போய் ஒளிந்தாலும் அந்தச் சொல்லையே வாயில் எடுக்க மாட்டார். கிராம்பை லவங்கம் என்பார். அது கொஞ்சம் நாகரிகமான பேச்சு என்று சின்ன வயதில் நாங்களும் அப்படியே சொல்லிப் பழகினோம். கிராமம் என்ற சொல்லே கிடையாது, “நம்ம ஊருப் பக்கம்” என்பதோடு சரி. ராமாயணம் “பெருமாள் கதை” ஆகிவிடும்.

மளிகைக் கடையில்தான் வேடிக்கை. எடைக்கு கிராம் என்று சொல்ல முடியாது. “சீரகம் நூறு குடு” என்பார். கடைப் பையன் வேண்டுமென்றே “நூறு என்ன ஆயா, நூறு ரூபாய்க்கா?” என்று கேட்பான். ஆயா அசர மாட்டார். “பத்து நூறு சேர்ந்தா ஒரு கிலோ ஆகுமில்ல, அந்த நூறு.” கடையே சிரிக்கும். பக்கத்து வீட்டு அம்மாவின் வீட்டுக்காரர் பெயர் மணி. அந்த அம்மா “நேரம் என்ன ஆச்சு?” என்றுதான் கேட்பார், மணிக்கட்டு வலித்தால் “கை முட்டி நோவுது” என்பார். இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசுவார்கள். ஒருவர் ராமைத் தாண்டி, இன்னொருவர் மணியைத் தாண்டி. ஒரு இடத்திலும் பேச்சு தடுக்காது.

யோசித்துப் பாருங்கள். நாம் ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குள் பெயரைத் தேடுகிறோம். அவர்கள் அந்தச் சொல் வாய்க்கு வருவதற்கு முன்பே பெயரைக் கண்டுபிடித்து, அதே பொருளில் வேறு சொல்லையும் எடுத்து வைத்துவிட வேண்டும். அந்த வழக்கத்தை நான் மெச்சவில்லை. தாத்தா வாய் நிறைய ஆயா பெயரைச் சொல்லி நாலு வீட்டுக்குக் கேட்கக் கூப்பிடுவார், அவருக்கு ஒரு கட்டுப்பாடும் இல்லை. ஆனாலும் இந்தப் புதிரில் கெட்டிக்காரர் யார் என்று கேட்டால் நான் ஆயாவைத்தான் சொல்வேன்.

ஓசூர் ஷிஃப்ட்:
அக்கா, அருமை. உங்கள் ஆயா ஆடியது காது ஆட்டம். அய்யா ஆடுவது கண் ஆட்டம். காதால் கேட்டால் ‘சுமார்’ என்பதில் உமா இருக்கிறாள், ‘மனிதாபிமானம்’ என்பதில் அனிதா இருக்கிறாள். இரண்டு முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். என் பையன் இங்கிலீஷ் மீடியம். பனானாவுக்குள் அனா இருக்கிறாள் என்று சட்டென்று பிடிக்கிறான். அந்த மொழியில் உயிரெழுத்தும் தனியாக நிற்பதால் அது சுலபம். தமிழில் கேட்டால்தான் திணறுகிறான்.

காரிமங்கலத்துக்காரன்:
ஓசூர் தம்பி, காது ஆட்டத்தைச் சேர்த்தால் ‘துறவி’யையும் சேர்க்கச் சொல்வார்கள், அய்யா நம்மைச் சும்மா விட மாட்டார். தனிக் கணக்காக வைத்துக்கொள்வோம்.

ஊத்தங்கரை வாசகன்:
எங்கள் பந்தயம் வேறு. கடையெழு வள்ளல்களையும் அன்றாடச் சொற்களில் பிடிக்க வேண்டும். சிறுபாணாற்றுப்படையில் வரும் அதே ஏழு பேர்தான். அவர்களில் ஒருவரான அதியமான் நம் தகடூர்க்காரர் (இன்றைய தருமபுரி) என்பதால் விட மனசில்லை.

பாரி வியாபாரிக்குள். முல்லைக்குத் தேர் கொடுத்தவரை அடைத்து வைக்க வேறு இடமா கிடைக்கவில்லை! காரி அதிகாரிக்குள், ஆய் ஆய்வாளருக்குள். இரண்டு வள்ளல்களும் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறார்கள், சான்றிதழ் வாங்கப் போகிறவர்களுக்கு இது ஆறுதல். ஓரி ‘ஓரிடம்’ என்பதில். நள்ளி நள்ளிரவில், அதிலும் ‘நள்ளிரவில்’ என்று முழுசாக எழுதினால் கூடவே ரவியும் வந்துவிடுகிறான். டீச்சர், உங்கள் பையன் பள்ளிக்கு வராத நேரத்தில் எங்கே இருக்கிறான் என்று இப்போது தெரிகிறதா?

அதியமான்தான் பிடிபடவில்லை. ஊர்ப்பெயர் கணக்கில் சேராது என்பதால் அதியமான்கோட்டை போச்சு. ‘அதிகமான’ என்று ஒருவன் சொன்னான், அதில் ஓர் எழுத்து மாறிவிட்டது, புள்ளியும் இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது எங்கள் ஊரில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது நினைவிருக்கும். வீட்டுக்குள் தண்ணீர் வராத மாடியில் ஒண்டிக்கொண்டு செல்போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். ‘அதிகனமழை’ என்று ஓடுகிறது. சிறுபாணாற்றுப்படை அதியமானை ‘அதிகன்’ என்றுதான் சொல்லும். அ, தி, க, ன! அந்த நேரத்திலும் தம்பி எழுந்து நின்று கத்தினான். அம்மா இரண்டு பேரையும் திட்டினார். புள்ளி ஒன்றுதான் இல்லை. செல்லுமா, செல்லாதா, அய்யாதான் சொல்ல வேண்டும். பேகன் இன்னும் அகப்படவில்லை.

அரூர் தமிழய்யா (பணி ஓய்வு):
னகரம் வேறு, னகர ஒற்று வேறு. செல்லாது. ஆனால் அதிகனைத் தேடிக் கண்டெடுத்த இடத்துக்காகப் பாதி மார்க் தருகிறேன். காரிமங்கலத்தார் மட்டும் அக்கா மகளுக்கு அரை மார்க் கொடுக்கலாமா!

பாலக்கோடு டீச்சர்:
பேகனை வகுப்பில் வீட்டுப்பாடமாகவே கொடுத்துவிட்டேன். இன்றைக்கு ரவி வந்திருந்தான். புத்தகப் பையை மேஜைமேல் வைத்து, “பேக் கனமா இருக்கு டீச்சர், இதுல பேகன் இருக்கானா பாருங்க” என்கிறான். நடுவில் ஒரு ‘க்’ அதிகம், கடைசியில் புள்ளி இல்லை. அய்யா கணக்கில் கால் மார்க்கும் தேறாது. பையைத் தூக்கிப் பார்த்தேன், கனமாகத்தான் இருந்தது.