பத்தாவது முடிக்கும் மகள், 13 வயது மகன்: ஐரோப்பியக் கப்பல் பயணத்துக்கு எந்த வழித்தடம்?

பீளமேடு அம்மா:

வணக்கம். வருகிற மே இரண்டாம் பாதியில் ஐரோப்பாவில் ஏழு நாள் கப்பல் பயணம் போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள். மகளுக்கு 16 வயது, அதற்குள் பத்தாவது தேர்வு முடிந்திருக்கும். மகனுக்கு 13. மகளுக்கு வரலாறு பிடிக்கும், போகிற இடத்தில் எல்லாம் உட்கார்ந்து படம் வரைவாள். மகனுக்குத் தண்ணீரும் பீட்சாவும் இருந்தால் போதும். நாங்கள் சுத்த சைவம், முட்டை கூடக் கிடையாது.

ஊரில் உள்ள ஏஜென்ட் மூன்று வழித்தடம் கொடுத்திருக்கிறார். முதலாவது, ரோமில் ஏறி ஜெனோவா, மார்சேய், பார்சலோனா, ஒரு நாள் முழுக்கக் கடல், நேப்பிள்ஸ், திரும்ப ரோம். இரண்டாவது, ஏதென்ஸில் ஏறி சாண்டோரினி, மிகோனோஸ், துருக்கியில் குஷாதசி. மூன்றாவது, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து நார்வே. "பசங்க இருக்காங்க, தண்ணிச் சறுக்கு நிறைய இருக்கிற கப்பலாப் பாருங்க, ஊரெல்லாம் ஒண்ணுதான்" என்கிறார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. மகளோ, கொடி பிடித்த கைடு பின்னால் வரிசையில் நடக்க மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டாள்.

எதை எடுக்கலாம்? நாலு பேருக்கும் ஒரே அறை போதுமா? பிள்ளைகளைக் கப்பலில் தனியாக விடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரெடிங் வாசி:

தோழி, நாங்கள் இங்கிலாந்தில் இருக்கிறோம், பிள்ளைகளோடு நார்வே போய் வந்தோம், அதனால் மூன்றாவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். படம் வரைகிற பெண் என்றால் அந்தக் கடலை மறக்கவே மாட்டாள். கெய்ராங்கர் ஃபியோர்டு என்ற ஒடுங்கிய கடல் இடுக்குக்குள் கப்பல் நுழையும்போது இரண்டு பக்கமும் மலை, மலை முழுக்க அருவி. மே மாதம் பனி உருகுகிற நேரம், அருவிகளில் தண்ணீர் நிறைந்து கொட்டும். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஃப்ளோம் ஊரில் நின்றால் அங்கிருந்து மலை ரயில் உண்டு. 20 கிலோமீட்டர் தூரத்தில் கடல் மட்டத்திலிருந்து 860 மீட்டருக்கு மேல் ஏறிவிடும், நடுவில் ஓர் அருவி முன்னால் நிறுத்துவார்கள். கப்பல் வரும் நாள்களில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். தேதி மே 17-ஐ ஒட்டி அமைந்தால் விடாதீர்கள். அன்று அவர்களுடைய அரசியல் சாசன நாள். பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போவார்கள், பெரியவர்கள் பாரம்பரிய உடையில் வருவார்கள். கடைகள் மட்டும் மூடியிருக்கும்.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இரண்டு விசா வேண்டும், இங்கிலாந்துக்கு ஒன்று, நார்வேக்கு ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) ஒன்று. வட கடல் சில நாள் நன்றாக ஆட்டும். குளிர்காற்றில் மேல்தளச் சறுக்கில் உங்கள் மகன் இறங்குவானா என்பது சந்தேகம். கூரை போட்ட நீச்சல் குளம் உள்ள கப்பலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நார்வேயில் சாப்பாட்டு விலை மிக அதிகம், மதியத்துக்குக் கப்பலுக்கே திரும்பிவிடுவது நல்லது.

தூத்துக்குடி கப்பல்காரர்:

சகோதரி, நான் மத்தியதரைக் கடல் கப்பல்களில் பல வருடம் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறியவன். ஒரே குடும்பம் வாரம் முழுக்க என் மேஜையில் உட்காரும். எந்த ஊருக்குப் போய்விட்டு எந்த முகத்தோடு வருகிறார்கள் என்று ராத்திரிக்கு ராத்திரி பார்த்திருக்கிறேன். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஏஜென்ட் சொன்னதை அப்படியே தள்ளிவிடுங்கள். சறுக்கு பெரிய கப்பல்கள் பலவற்றிலும் இருக்கும். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது இரண்டு தகவல்: கப்பல் உண்மையில் எந்தத் துறைமுகத்தில் கயிறு கட்டி நிற்கிறது, அங்கே எத்தனை மணி நேரம் நிற்கிறது. பட்டியலில் ரோம் என்று போட்டிருக்கும், கட்டுவது சிவிதாவெக்கியாவில். ரோமிலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். ஃபிளாரன்ஸ் என்று போட்டால் அது லிவோர்னோ, அங்கிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். வெனிஸ் நடுவே போகும் கால்வாயில் பெரிய கப்பல்களுக்கு 2021 ஆகஸ்டிலிருந்து அனுமதி இல்லை. வெனிஸ் என்று விற்பதில் பல பயணங்கள் ரவென்னாவிலோ திரியெஸ்தேயிலோ தொடங்குகின்றன.

காலை எட்டுக்குக் கட்டி மாலை ஆறுக்குக் கிளம்பும் கப்பலிலிருந்து ரோமுக்குப் போகிறவர்கள், போக வரவே மூன்று மணி நேரத்துக்கு மேல் கொடுத்துவிடுவார்கள். மிச்ச நேரத்தில் கொலோசியம், வாடிகன், ஒரு நீரூற்று என்று ஓட்டம். அன்று இரவு பெரியவர்கள் பேச்சில்லாமல் சாப்பிடுவார்கள், பிள்ளைகள் மேஜையில் தலை சாய்த்திருப்பார்கள். மறுநாள் நேப்பிள்ஸ் என்றால் அதே பிள்ளைகள் கலகலவென்று வருவார்கள். நேப்பிள்ஸில் கப்பல் நகரத்துக்குள்ளேயே கட்டும். இறங்கினால் கோட்டை, நடந்தால் பீட்சா கடை.

ஆகவே என் யோசனை: தூரத்து ஊரை ஏறும் ஊராக வையுங்கள், பக்கத்து ஊர்களை நடுவில் வையுங்கள். உங்கள் முதல் வழித்தடம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, அதைத்தான் எடுக்கச் சொல்வேன். கப்பல் ஏறுவதற்கு முன் ரோமில் இரண்டு இரவு தங்கிவிடுங்கள். ரோமை நிதானமாகப் பார்த்த மாதிரியும் ஆயிற்று, கோவையிலிருந்து வளைகுடா வழியாக வரும் விமானம் தாமதமானாலும் கப்பல் போய்விடாது. அதே நாளில் இறங்கி அதே நாளில் ஏறும் திட்டம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கரையில் நிற்கும் குடும்பத்தை விட்டுவிட்டுக் கப்பல் விலகுவதை மேல்தளத்திலிருந்து பார்த்தவன் நான்.

ஊர் ஊராகச் சொல்கிறேன். ஜெனோவாவில் மீன் காட்சியகம் துறைமுகத்திலிருந்து நடக்கும் தூரம்தான், மகனுக்கு அது போதும். மார்சேயில் கப்பல் வந்து நிற்கும் இடம் ஊருக்கு வெளியே. பழைய துறைமுகம் வரை பேருந்தில் போய், வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பலாம், அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பார்சலோனாவில் நாள் முழுக்க வெளியே இருங்கள். சக்ராதா ஃபமிலியா தேவாலயத்தை 1882-இல் கட்ட ஆரம்பித்தார்கள், கட்டுமானம் நம் காலம் வரை நீண்டிருக்கிறது. உள்ளே தூண்கள் மரம் போலக் கிளை விரித்து நிற்கும். உங்கள் மகளை அங்கே ஒரு மணி நேரம் வரைய விடுங்கள். நேரம் குறித்த டிக்கெட், வீட்டிலிருந்தே எடுத்துவிட வேண்டும்.

நேப்பிள்ஸில் பொம்பேய்க்குக் கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்யும் பஸ் தேவையில்லை. கரிபால்டி நிலையத்திலிருந்து சொரெந்தோ போகும் உள்ளூர் ரயிலில் சுமார் 40 நிமிடம், நிலையத்துக்கு எதிரிலேயே வாசல். ரயிலில் நெரிசல் இருக்கும், பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள். கி.பி. 79-இல் எரிமலை மூடிய ஊர், அதில் வண்டிச் சக்கரம் தேய்த்த தடம் தெருக் கல்லில் இன்னும் இருக்கிறது. ஆனால் இடம் மிகப் பெரிது, நிழல் குறைவு. மகனுக்கு அலுப்புத் தட்டும் என்று தோன்றினால் அதே வழியில் பாதித் தூரத்திலேயே, அதே எரிமலை மூடிய எர்கொலானோ இருக்கிறது. சிறிய இடம், இரண்டு மணி நேரத்தில் பார்க்கலாம். கரிந்துபோன மர உத்தரமும் கதவும் கூட அங்கே தப்பியிருக்கின்றன. என்னைக் கேட்டால் பிள்ளைகளுக்கு அதுவே மேல். இத்தாலிய அரசின் அருங்காட்சியகங்கள், கொலோசியம், பொம்பேய் எல்லாவற்றிலும் 18 வயதுக்குக் கீழ் எந்த நாட்டுப் பிள்ளைக்கும் கட்டணம் கிடையாது. டிக்கெட் மட்டும் பெயர் போட்டு எடுக்க வேண்டும், வயதுக்குச் சான்று கேட்பார்கள். வாடிகன் தனி நாடு, அங்கே இந்தச் சலுகை இல்லை.

இரண்டாவது வழித்தடம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சாண்டோரினியில் கப்பல் கரையில் கட்டாது, சிறு படகில் இறக்கி விடுவார்கள். பிறகு மேலே ஏற ரோப் கார் வரிசை, இல்லையென்றால் 588 படி. கோடையில் அந்தத் தீவிலும் மிகோனோஸிலும் இறங்க ஆளுக்கு 20 யூரோ வரி வேறு 2025 ஜூலையிலிருந்து வந்திருக்கிறது.

அறை விஷயம். 16 வயதுப் பெண்ணையும் 13 வயதுப் பையனையும் சுவரிலிருந்து இறக்கும் மேல்படுக்கைகளில் போட்டு, ஒரே குளியலறையில் நாலு பேர் ஏழு நாள் இருப்பது முடியாத காரியம் இல்லை, ஆனால் வேண்டாம். நடுவில் கதவு உள்ள இரண்டு உள்பக்க (ஜன்னல் இல்லாத) அறைகள் கேளுங்கள். பால்கனி உள்ள ஓர் அறையை விட இது சில சமயம் குறைவாகவே வரும். ஒவ்வொரு அறையிலும் ஒரு பெரியவர் பெயர் இருக்க வேண்டும் என்று பல கம்பெனிகள் கேட்கும். காகிதத்தில் அப்பாவும் மகனும் ஓர் அறை, அம்மாவும் மகளும் ஓர் அறை என்று போட்டுவிடலாம். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் எடுத்தால் ஆட்டமும் குறைவு.

தனியாக விடுவது பற்றி. தாராளமாக விடலாம், ஆனால் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களின் அறைக்குள் போவதில்லை, இரவு இத்தனை மணிக்குள் வந்துவிட வேண்டும், ராத்திரிச் சாப்பாடு எல்லோரும் ஒன்றாக. இந்த மூன்றும் இருந்த குடும்பங்கள் நிம்மதியாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்கான கிளப் உண்டு. எம்எஸ்சி என்ற கம்பெனியின் கப்பல்களில் 12 முதல் 14 வயது வரை ஒன்று, 15 முதல் 17 வரை ஒன்று, ஆக உங்கள் இருவரும் தனித்தனியாகத்தான் போவார்கள். எம்எஸ்சி, கோஸ்டா போன்ற கம்பெனிகளின் கப்பல்களில் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஆட்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள். கிளப்பில் நேற்று சேர்ந்த நண்பன் இன்று காணாமல் போவான், பேச்சும் இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம் என்று கலந்திருக்கும். சில பிள்ளைகளுக்கு அது குஷி, கூச்சம் உள்ள பிள்ளைக்குக் கஷ்டம். எல்லோரும் ஒரே ஊரில் ஏறி ஒரே ஊரில் இறங்கும் கப்பலில் நட்பு சீக்கிரம் பிடிக்கும். உங்கள் பிள்ளைகள் எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பீளமேடு அம்மா:

அண்ணா, மிக்க நன்றி. மகளிடம் படித்துக் காட்டினேன், எர்கொலானோ என்றதும் தேட ஆரம்பித்துவிட்டாள். முதல் வழித்தடத்தையே எடுக்கிறோம். ரெடிங் தோழி, நார்வேயை இன்னொரு வருடத்துக்கு வைத்துக்கொள்கிறேன். விசா எப்போது போட வேண்டும், சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது, இந்த இரண்டும் மட்டும் பாக்கி.

அண்ணாநகர் பயணி:

மேடம், ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மே மாதப் பயணத்துக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் முட்டுவார்கள், ஜனவரியிலேயே நேரம் பதிந்துவிடுங்கள். அதிக நாள் எந்த நாட்டிலோ அந்த நாட்டுத் தூதரகம் என்பது விதி, ரோமில் தங்குவதையும் சேர்த்தால் உங்களுக்கு இத்தாலி. கட்டணம் 12 வயது முதல் பெரியவர் கணக்கு, 90 யூரோ, ஆக நாலு பேருக்கும் முழுத் தொகை. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. கப்பல் முன்பதிவோடு எந்த நாள் எந்த ஊர் என்ற பட்டியலையும் இணையுங்கள். துருக்கி போன்ற ஷெங்கனுக்கு வெளியே உள்ள ஊர் பட்டியலில் இருந்தால் பலமுறை நுழைவு விசா கேட்டிருக்க வேண்டும், உங்கள் வழித்தடத்தில் அந்தச் சிக்கல் இல்லை.

தூத்துக்குடி கப்பல்காரர்:

சாப்பாட்டுக்கு, முன்பதிவு செய்யும்போதே இந்திய சைவம், முட்டை இல்லை என்று எழுத்தில் கொடுங்கள். முதல் இரவு உட்கார்ந்ததும் தலைமைப் பரிமாறுநரைக் கூப்பிட்டு மறுபடி நேரில் சொல்லுங்கள். அவர் மறுநாள் பட்டியலை முதல் நாளே காட்டுவார், இரவே சொல்லிவிட்டால் சமையல்கூடத்தில் தனியாகச் செய்வார்கள். பெரிய கப்பல்களில் இந்தியச் சமையல்காரர்கள் இருப்பது சகஜம், பருப்பும் சாதமும் கேட்கத் தயங்காதீர்கள். சைவ சூப் என்று எழுதியிருந்தாலும் கோழி வேகவைத்த தண்ணீரா என்று கேட்டுவிடுங்கள். பாஸ்தாவில் முட்டை, சாலட் சாஸில் மீன், இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. பீட்சா கிடைப்பதில் பிரச்சினை இல்லை, மகன் மகிழ்ச்சியாக இருப்பான்.

ஏறியதும் எல்லோருடைய போனையும் ஃபிளைட் மோடில் போடச் சொல்லுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டால் பில் பயங்கரமாக வரும். வைஃபை பெரும்பாலும் ஒரு கருவிக்கு இவ்வளவு என்று கட்டணம், நாலு பேருக்கும் வாங்க வேண்டியதில்லை. மகனின் கப்பல் அட்டைக்கு (கப்பலுக்குள் காசுக்குப் பதில் காட்டும் அட்டை) வரவேற்பு மேஜையில் செலவு வரம்பு வைத்துவிடுங்கள், வீடியோ கேம் அறையில் காசு போவது தெரியாது. சேவைக் கட்டணம் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கடைசியில் கணக்கில் ஏறும், பிள்ளைகளுக்கும் சேர்த்து எவ்வளவு என்று ஏஜென்டிடம் இப்போதே கேளுங்கள்.

முதல் நாள் ஆபத்துக்காலப் பயிற்சிக்கு நாலு பேரும் போக வேண்டும். 2012-இல் கோஸ்டா கான்கோர்டியா என்ற கப்பல் கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறியவர்களில் பலருக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. கூடும் இடம் எது என்று பிள்ளைகளை ஒருமுறை தாங்களே நடந்து கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், வழி மனதில் நிற்கும்.

கப்பல் பெயரும் தேதியும் முடிவானதும் துறைமுக நேரங்களோடு இங்கே போடுங்கள், எந்த நாள் எத்தனை மணிக்கு இறங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.