அம்புக்குறி கடலைக் காட்டிய நாள்: வழிகாட்டிச் செயலியோடு பட்ட பாடு

உச்சிப்புளி ஓட்டுநர்:
தனுஷ்கோடிப் பக்கம் போனால் செல்பேசி அடிக்கும் கூத்து இங்குள்ளவர்களுக்குத் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இடிந்த தேவாலயத்தின் அருகே வண்டியை நிறுத்தியிருந்தபோது, இலங்கைக்கு நல்வரவு என்று குறுஞ்செய்தி வந்தது. அடுத்த நிமிடம் வரைபடம் சாம்பல் நிறமாகி, அம்புக்குறி தெற்கே திரும்பிக் கடலைக் காட்டியது. செயலியை மூடித் திறந்தேன், தற்காலிகச் சேமிப்பை அழித்தேன், செல்பேசியையே அணைத்துப் போட்டேன், அம்பு அசையவில்லை. பின்னிருக்கையில் இருந்த பாட்டி, "ரெண்டு பக்கமும் கடலு, நடுவுல இருக்கறதே ஒரு ரோடு, இதுக்கு எதுக்கு தம்பி மேப்பு?" என்றார். திரும்பும் நேரத்தைப் பார்க்கத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் காந்தத் தாங்கியிலிருந்து கழற்றி, எட்டுப் போடுவதுபோல் மூன்று முறை காற்றில் சுழற்றியதும் அம்பு கிழக்கே திரும்பியது. எல்லாம் இலங்கை டவர் செய்த வேலை.

கீழக்கரைவாசி:
மேலே எழுதியவர் டவரின் மீது பழி போடுவதை ஏற்க முடியாது. இருக்கும் இடத்தைச் செல்பேசி கணிப்பது செயற்கைக்கோள்களை வைத்து. டவரும் இணையமும் முதல் கணிப்பை விரைவாக்க உதவுமே தவிர, அவை இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் நின்றுவிடாது. வரைபடம் சாம்பலானது டேட்டா போனதால்; அம்பு திரும்பியது அவருடைய காந்தத் தாங்கியால். நின்றிருக்கும் வண்டியில் செல்பேசி தன் திசைகாட்டியை நம்புகிறது, அதன் பக்கத்திலேயே காந்தத்தை வைத்தால் அது என்ன செய்யும்? வண்டியை நகர்த்தியிருந்தால் ஓடும் திசையைக் கொண்டே அம்பு சரியாகியிருக்கும். எனக்குச் சேதுக்கரையில் ஒருமுறை நீலப்புள்ளி கடலுக்குள் போய் நின்றது. பேட்டரி சேமிப்பை அணைத்ததும் கரையேறியது, அவ்வளவுதான் என் கதை. இனி அந்தப் பக்கம் போகிறவர்கள் பாம்பன் பாலம் ஏறுவதற்கு முன்பே ராமேஸ்வரம் தீவு முழுவதையும் ஆஃப்லைன் வரைபடமாக இறக்கிக்கொள்ளுங்கள். துல்லியமான இருப்பிடம் என்ற அனுமதி அந்தச் செயலிக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ரோமிங்கை அணைத்துவிட்டு, நெட்வொர்க்கைத் தானாகத் தேட விடாமல் நம்முடையதையே கையால் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் டவரைத் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும்.

மண்டபம் படகுக்காரர்:
சாலையில் அம்பு திரும்பினால் பாட்டி சிரிப்பார், கடலில் அப்படியில்லை. எஞ்சின் நின்றுபோன மச்சான், படகிலிருந்த ஜிபிஎஸ் கருவியில் தான் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பார்த்து, "ஒன்பது இருபத்தி நாலு, எழுபத்தொன்பது பதிமூணு" என்று போனில் சொன்னதும் தொடர்பு அறுந்தது. நான் 9.24, 79.13 என்று செயலியில் அடித்தேன். சிவப்புக் குறி மண்டபத்துக்குத் தெற்கே, மனோலித் தீவுக்கு இந்தப் பக்கம் விழுந்தது. இவ்வளவு அருகிலா என்று ஆறுதலோடு தென்கடலில் படகைத் தள்ளச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்த தங்கை, "அண்ணே, அவுக வடகடலுக்குல்ல போனாக" என்றாள். மச்சான் சொன்னது 9 டிகிரி 24 நிமிடம்; ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். நான் அடித்தது தசமம். 24ஐ 60ஆல் வகுத்தால் 0.4, 13ஐ வகுத்தால் 0.2167. அதன்படி 9.4, 79.2167 என்று அடித்தபோது குறி வடக்கே பாக்கு விரிகுடாவில், முன்பு விழுந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளிப் போய் விழுந்தது. கட்டி இழுத்து வந்துவிட்டோம். கீழக்கரை நண்பர் சொன்ன அமைப்புகள் எல்லாமே என் செல்பேசியில் அன்று சரியாகத்தான் இருந்தன.

உச்சிப்புளி ஓட்டுநர்:
காந்தத் தாங்கியைக் கழற்றிவிட்டேன், கீழக்கரை அண்ணாச்சி. ஆனால் அந்த நல்வரவுச் செய்தி வந்த அடுத்த நிமிடமே அம்பு ஏன் திரும்பியது என்பதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.