குடும்பக் குழு: ஒஹாயோ கார் கேஸ்

மல்லிகா அத்தை: அந்த அமெரிக்காப் பொண்ணு கேஸைப் பார்த்துட்டு நேத்து ராத்திரி தூக்கமே வரல. 17 வயசு, அவதான் ஓட்டியிருக்கா. கார்ல காதலன், அவனோட கூட்டாளி. அவனுங்க ரெண்டு பேரும் செத்துப் போய்ட்டாங்க. இது விபத்தா, கொலையா?

செல்வம் மாமா: எந்த ஊரு?

மல்லிகா அத்தை: ஒஹாயோ. 2022 ஜூலை 31, விடியக்காலை. செங்கல் கட்டடத்துல நேரா போய் மோதியிருக்கு.

கார்த்தி: மணிக்கு 100 மைல் அத்தை. நம்ம கணக்குல 160. இங்க சிங்கப்பூர்ல எக்ஸ்பிரஸ்வேயிலயே 90 தான் 😳

செல்வம் மாமா: டாக்ஸி ஓட்டுறவன் சொல்றேன், அந்த நேரம்தான் ரொம்ப மோசம். பாவம், கண் அசந்திருக்கும்.

மீனா: ஆக்சிலேட்டர் முழுசா அமுங்கியிருந்துச்சு மாமா, பிரேக்கைத் தொடவே இல்ல. காருக்குள்ள இருக்கிற ரெக்கார்டர்ல பதிவாகியிருக்கு.

செல்வம் மாமா: மயக்கம் போட்டாலும் கால் அப்படியே பெடல் மேல கனமா கிடக்கும்மா.

மீனா: அவங்க வக்கீலும் அதைத்தான் சொன்னார். எழுந்து நின்னா தலை சுத்தி மயக்கம் வர்ற வியாதி இருக்காம். அந்தப் பொண்ணும் ஒண்ணும் ஞாபகம் இல்லைன்னுடுச்சு. ஆனா ரெண்டு வாரத்துக்கு முன்னாடி காதலனோட சண்டை போட்டப்ப, காரைக் கொண்டுபோய் மோதிடுவேன்னு மிரட்டியிருக்கா. போன்ல கேட்டதா சாட்சி இருக்கு.

மல்லிகா அத்தை: கோவத்துல யார்தான் சொல்லல? உங்க மாமா கார்ல உட்கார்ந்துக்கிட்டு நான் பேசாத பேச்சா!

செல்வம் மாமா: 🙄

மீனா: ஜூரின்னு பொதுமக்கள் குழு இல்லாம நீதிபதியே விசாரிச்சாங்க. 2023 ஆகஸ்ட்ல கொலைன்னு தீர்ப்பு. 15 வருஷம் கழிஞ்சாதான் பரோலே கேட்க முடியும். 2024-ல அப்பீலும் தள்ளுபடி.

கார்த்தி: அப்பீல்னா முதல்ல இருந்து விசாரிப்பாங்களாக்கா?

மீனா: இல்லடா. சாட்சியை மறுபடி கூண்டுல ஏத்த மாட்டாங்க. இருக்கிற ஆதாரத்தை வச்சு அந்த முடிவுக்கு வர நியாயம் இருக்கான்னுதான் பார்ப்பாங்க. அதனாலதான் 'வேணும்னு செய்யல'ங்கிற வாதம் அப்பீல்ல எடுபடுறது கஷ்டம்.

செல்வம் மாமா: இங்கன்னா தூக்குதான்.

மீனா: குற்றம் நடந்தப்ப 18 ஆகலைன்னா இங்க தூக்கு கிடையாது, ஆயுள்தான். பெரியவங்களா இருந்தாலும் 2013-ல சட்டம் மாறிடுச்சு. கொல்லணும்னே செஞ்சதா நிரூபிச்சா மட்டும்தான் கட்டாயத் தூக்கு. மத்த வகைக் கொலைக்கு ஆயுளா தூக்கான்னு நீதிபதி முடிவு பண்ணுவார்.

கார்த்தி: ஜூரி?

மீனா: அதை 1969-லயே எடுத்துட்டாங்க.

செல்வம் மாமா: கால் என்ன பண்ணுச்சுன்னு அந்த ரெக்கார்டர் பெட்டி சொல்லிடும். மனசுல இருந்ததை அதால எப்படிச் சொல்ல முடியும்?

மீனா: பெட்டியை மட்டும் வச்சு யாரும் சொல்லலையே. மிரட்டல், வேகம், பிரேக் எல்லாத்தையும் கோத்துத்தான் பார்த்தாங்க.

செல்வம் மாமா: என்ன சொன்னாலும் அது மயக்கம்தான்.

மீனா: மோதுறதுக்கு முன்னாடி ஸ்டியரிங் அசைஞ்சிருக்கு மாமா. மயங்கினவ எப்படித் திருப்புவா?

செல்வம் மாமா: சவாரி வந்துடுச்சு, அப்புறம் பேசறேன்.

மல்லிகா அத்தை: பதில் இல்லைன்னா உடனே சவாரி வந்துடும் 😂