ஊட்டியிலிருந்து கொண்டுவந்த பிரிம்ரோஸ் பூச்செடி ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்ல கருகுது, காப்பாத்த முடியுமா?

மண்டபம்வாசி:
தை கடைசியில ஊட்டி போனப்ப மஞ்சள் ஒண்ணு, ஊதா ஒண்ணுன்னு ரெண்டு பிரிம்ரோஸ் தொட்டி வாங்கிட்டு வந்தேன். வீடு கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி. மொதல் வாரம் ஜோரா பூத்துச்சு. இப்ப இலை ஓரம் பழுப்பாகி அப்பளம் மாதிரி நொறுங்குது. மொட்டு விரியாமலே காயுது. மத்தியானம் துவண்டா சாயங்காலம் எந்திரிச்சிரும். நாலு நாளா எந்திரிக்கவே இல்ல. காலை வெயில் மட்டும்தான் படுது. போர் தண்ணி ரெண்டு வேளை ஊத்துறேன். வாடுதேன்னு டிஏபி உரம் ஒரு ஸ்பூன் போட்டேன்.

பாம்பன்காரன்:
டிஏபியா! சரி, போட்டாச்சு. தொட்டி விளிம்புல வெள்ளையா ஏதும் படிஞ்சிருக்கா?

மண்டபம்வாசி:
ஆமாண்ணே, வளையம் மாதிரி இருக்கு. தேச்சா மாவு மாதிரி உதிருது.

பாம்பன்காரன்:
உப்புதான். நம்ம பக்கம் மணல்ல மேலாக்கத் தோண்டின ஊத்துல நல்ல தண்ணி வரும், போரை ஆழமா எறக்கினா உப்பு ஏறிரும். அதோட உரமும் உப்பு. வேர் தண்ணியை உறிஞ்ச முடியாம, மண்ணு ஈரமா இருக்கும்போதே செடி வாடும். செடியைத் தொட்டியோட கவுத்து வேரைப் பாருங்க. வெள்ளையா இருந்தா பொழைக்கும். பழுப்பா கொழகொழன்னா அழுகிருச்சு. நல்ல தண்ணியைத் தொட்டி அளவுக்கு ரெண்டு மூணு மடங்கு மெதுவா ஊத்தி அடி ஓட்டை வழியா வடியவிடுங்க. தட்டுல தேங்குறதைக் கொட்டிருங்க. அப்புறம் மேல்மண் காய ஆரம்பிச்சா மட்டும் தண்ணி.

குன்னூர்தோட்டம்:
உப்பைக் கழுவினாலும் பங்குனி வெயிலைத் தாண்டாதுங்க. இது குளிர்ச் செடி. 10 முதல் 18 டிகிரியில நல்லாப் பூக்கும். உங்க ஊர்ல ராத்திரி 20க்குக் கீழ எறங்குறதே அபூர்வம். வாங்குனவங்ககிட்ட விக்கிறவங்க இதைச் சொல்றதே இல்ல, எங்க ஆளுங்க உட்பட. ரோஜா பேர் இருந்தாலும் ரோஜாவுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. இருக்கிற மொட்டு வரைக்கும் வடக்குப் பக்க நிழல்ல வச்சு ரசிங்க.

ஏர்வாடிக்கா:
தம்பி, கலருதானே வேணும்? டேபிள் ரோஸ் வைங்க. நம்ம மணலும் வெயிலும் அதுக்குக் கொண்டாட்டம். நித்தியகல்யாணி என் வாசல்ல சிமெண்ட் வெடிப்புலயே முளைச்சு நிக்குது, தண்ணிகூட ஊத்துறதில்ல.

மண்டபம்வாசி:
கவுத்துப் பாத்தேன். ஊதா போயிருச்சு, தொட்டா வேர் நூலா உரியுது. மஞ்சள்ல நாலஞ்சு வெள்ளை வேர் இருக்கு. பக்கத்து வீட்டு ஊத்துத் தண்ணி ரெண்டு குடம் வாங்கி அலசிட்டு வடக்குப் பக்கம் வச்சிருக்கேன். அக்கா, டேபிள் ரோஸ் கிள்ளுனா எனக்கும் ரெண்டு தண்டு எடுத்து வைங்க, ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம் வர்றேன்.